சுர இடைவெளிகளும் ஒலி சிகிச்சையும்: முதல் அடி எடுத்து வைப்பவர்களுக்கு

ஒலி சிகிச்சை, சவுண்ட் ஹீலிங் என்று தேடிப் போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது எண்கள்தான். இந்த ஹெர்ட்ஸ் கவலைக்கு, அந்த ஹெர்ட்ஸ் தூக்கத்துக்கு என்று நீளமான பட்டியல்கள். அவற்றை நம்பி ஒரே சுரத்தை ஹெட்போனில் மணிக்கணக்கில் கேட்டுவிட்டு, எதுவும் நடக்கவில்லையே என்று பலர் விலகிவிடுகிறார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் ஒலியின் உண்மையான வலு இரண்டு சுரங்களுக்கு நடுவே இருக்கும் உறவில் இருக்கிறது. ச ரி க ம ப த நி-யில் ச என்ற சட்ஜமத்தோடு ப என்ற பஞ்சமம் சேரும்போது மனம் ஏன் அமர்கிறது, அதே சட்ஜமத்தோடு அதை ஒட்டியிருக்கும் சுத்த ரிஷபம் (ரி) சேரும்போது ஏன் கூசுகிறது என்று காதால் அறிந்துகொண்டவருக்குப் பட்டியல் எதுவும் தேவைப்படாது.

அந்த உறவைக் காதாலும் தொண்டையாலும் பழகுவதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை. நல்ல குரலும் வேண்டாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது மனதையும் மூச்சையும் நிதானப்படுத்தும் பயிற்சி. மருந்துக்கோ மருத்துவருக்கோ மாற்று கிடையாது.

இடைவெளி என்பது விகிதம்

உங்கள் ச 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது நொடிக்கு 240 அதிர்வு. அதற்கு நேரான ப 360. வகுத்துப் பார்த்தால் ஒன்றரை மடங்கு, அதாவது 3:2. ச-வை 200-க்கு இறக்கினால் ப 300 ஆகிவிடும். எண்கள் இரண்டும் மாறிவிட்டன, ஆனால் காதுக்கு அது அதே ச-ப. இந்த மாறாத விகிதத்தைத்தான் சுர இடைவெளி என்கிறோம், மேற்கத்திய இசையில் இன்டர்வல் என்பார்கள். சிலப்பதிகார உரைகளில் சுரங்களுக்கு இடையிலான உறவை இணை, கிளை, நட்பு, பகை என்று பிரித்துப் பேசுகிறார்கள். சுரத்தைத் தனியாகப் பார்க்காமல் இன்னொன்றோடு வைத்துப் பார்க்கும் பழக்கம் நம் மொழியில் அவ்வளவு பழையது.

பயிற்சிக்குத் தேவையானவை கொஞ்சம்தான். ஒரு சுருதி ஆதாரம் வேண்டும், அது தம்புராவாக இருக்கலாம், சுருதிப் பெட்டியாக இருக்கலாம், போனில் உள்ள தம்புரா செயலியாகவும் இருக்கலாம். அதிர்வெண்ணைக் காட்டும் ட்யூனர் செயலி இருந்தால் நல்லது. கூடவே உங்கள் குரல். இசைக்கவைகள் (தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் ட்யூனிங் ஃபோர்க்), பாடும் கிண்ணங்கள் (தட்டி ஒலிக்க வைக்கும் உலோகக் கிண்ணங்கள்) எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாங்கி அடுக்கிவிட்டுத் தொடங்குவதைவிட, குரலில் தொடங்கிவிட்டுத் தேவைப்பட்டதை வாங்குவது நல்லது. உங்கள் தொண்டையில் பிறக்கும் அதிர்வு மார்பெலும்பிலும் மண்டையோட்டிலும் நேராகவே பரவுகிறது. அந்த அளவுக்கு உடம்போடு ஒட்டிய கருவி வேறு எதுவும் இல்லை.

படி 1: உங்கள் ச-வைக் கண்டுபிடியுங்கள்

முதுகு நிமிர்ந்து, தோள் தளர்ந்து உட்காருங்கள். நாற்காலியும் சரிதான். மூக்கால் மூச்சை இழுத்து, வெளியே விடும்போது வாயை மூடி 'ம்' என்று மெதுவாக முனகுங்கள். முயற்சி இல்லாமல் எந்தச் சுருதி வருகிறதோ அதுவே போதும். ட்யூனரில் பார்த்து, அதற்குப் பக்கத்தில் உள்ள கட்டையை, அதாவது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்ணை, தம்புராவில் வையுங்கள். ஆண் குரல்களுக்குப் பொதுவாக 1 முதல் 2 கட்டைக்குள்ளும், பெண் குரல்களுக்கு 5 முதல் 6 கட்டைக்குள்ளும் வசதியாக இருக்கும். கச்சேரி செய்யப் போவதில்லை என்பதால் சற்றுத் தாழ்வாகவே வைத்துக்கொள்ளலாம். மேல் ச (ச-வின் இரு மடங்கு) வரை கத்தாமல் போக முடிகிறதா என்று மட்டும் பாருங்கள், முடியவில்லை என்றால் இன்னும் அரைக் கட்டை இறக்குங்கள்.

சில நாட்கள் ச மட்டும் போதும். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை 'ம்' என்று விடுங்கள். சுமார் பத்து நொடிக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு ஆறு. இந்த ஆறு என்ற கணக்குக்குக் காரணம் இருக்கிறது. 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வில், 23 பேர் லத்தீன் ஜெபமாலையையும் 'ஓம் மணி பத்மே ஹும்' மந்திரத்தையும் சொன்னபோது மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற வேகத்துக்கு இறங்கியது. இதயத்துடிப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இடையிலான இசைவும் அப்போது கூடியது. இன்னொன்று, முனகியபடி மூச்சு விடும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு பல மடங்கு அதிகமாகிறது என்று 2002-ல் ஸ்வீடனில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆக, ஒலிப் பயிற்சியில் கிடைக்கும் அமைதியில் பெரிய பங்கு நீண்ட வெளிமூச்சுக்கு உரியது. அதை மறைத்துவிட்டு எல்லாப் புகழையும் அதிர்வெண்ணுக்குக் கொடுப்பது நியாயமில்லை.

படி 2: விம்மலைக் கேளுங்கள்

தம்புராவின் ச ஒலிக்கும்போது நீங்களும் அதே ச-வைப் பிடியுங்கள். பிறகு குரலை ஒரு மயிரிழை கீழே இறக்குங்கள். ஒலி 'வாவ்... வாவ்... வாவ்' என்று கூடிக் குறையும். பள்ளி இயற்பியலில் விம்மல்கள் என்று படித்தது இதுதான். 240-ம் 238-ம் சேர்ந்தால் நொடிக்கு 2 விம்மல். குரல் மேலே ஏற ஏற விம்மல் மெதுவாகி, சரியாகச் சேர்ந்த கணத்தில் நின்றுவிடும்.

இந்த ஒன்றைப் பழகிவிட்டால் மீதி எல்லாமே எளிது. சுருதி சேர்ந்ததா இல்லையா என்று இனி யாரையும் கேட்க வேண்டாம், உங்கள் காதே சொல்லும். அதோடு, விம்மல் நிற்பதை எதிர்பார்த்துக் கேட்கும் அந்த நேரத்தில் மனதுக்கு வேறு எதையும் யோசிக்க இடம் இருக்காது. தியானத்தில் உட்கார முடியவில்லை என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். கண்ணை மூடி மூச்சைக் கவனி என்றால் அலையும் மனம், விம்மலைக் கேள் என்றால் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

படி 3: ஸ்தாயி

ச-வில் தொடங்கி மேல் ச. விகிதம் 2:1. 240-க்கு 480. இதில் சொல்ல அதிகம் இல்லை. ஒரே சுரம் இரண்டு உயரத்தில் நிற்பதுபோல் கேட்கும். அமர்வைத் தொடங்கவும் முடிக்கவும் நல்ல இடைவெளி. ஒரு மூச்சு கீழே, ஒரு மூச்சு மேலே என்று மாறி மாறிப் பாடுங்கள். மேல் ச எட்டவில்லை என்றால் கீழ் ச இருக்கும் மந்தர ஸ்தாயிக்கு இறங்கலாம், பலன் ஒன்றுதான்.

படி 4: ச-ப, இங்கே நின்று நிதானியுங்கள்

ஒலி சிகிச்சையில் ஒரே ஓர் இடைவெளியைத்தான் கற்க முடியும் என்றால் நான் ச-ப-வைத்தான் சொல்வேன். உலகில் சுருதியோடு பாடும் பல இசை மரபுகளில் ஆதாரமாக ஒலிப்பது இந்த 3:2-தான். பழந்தமிழில் குரல், இளி என்று இருந்தவை இந்தச் சட்ஜம பஞ்சமம்தான். இசைக்கவை கொண்டு சிகிச்சை செய்பவர்கள் முதலில் கையில் எடுக்கும் ஜோடியும் 256, 384 ஹெர்ட்ஸ். அதுவும் இதே 3:2.

ஏன் இவ்வளவு நன்றாகச் சேர்கிறது? எந்தத் தந்தியும் எந்தக் குரலும் ஒரே அதிர்வெண்ணில் மட்டும் ஒலிப்பதில்லை. 240-ல் ஒலிக்கும் ச-வுக்குள் 480, 720, 960, 1200, 1440 என்று மேற்சுரங்கள் அடுக்காக இருக்கின்றன. 360-ல் ஒலிக்கும் ப-வுக்குள் 720, 1080, 1440. பாருங்கள், 720-லும் 1440-லும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. மோதிக் கரகரக்க எதுவும் இல்லை. 1863-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிஞர் இசைவு, முரண் இரண்டையும் விளக்கியது இந்த வழியில்தான்: நெருங்கிய மேற்சுரங்கள் ஒன்றோடொன்று வேகமாக விம்மும்போது காதுக்குக் கரடாகிறது, விம்மல் இல்லாதபோது வழவழப்பாகிறது.

இன்னொரு அழகும் உண்டு. 360-லிருந்து 240-ஐக் கழித்தால் 120. அதாவது உங்கள் ச-வுக்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ச. இரண்டு சுரமும் சுத்தமாகச் சேர்ந்து, போதிய வலுவோடு ஒலித்தால், யாரும் வாசிக்காத அந்த அடிச் சுரம் அடியில் முழங்குவது போலக் காதுக்குத் தோன்றும். மேலே பாடுகிறோம், கீழே தரை கிடைக்கிறது.

பயிற்சி இது. தம்புரா ச-ப-வில் ஓடட்டும். முதலில் ச-வில் 'ம்' என்று மூன்று மூச்சு. பிறகு 'ஆ' என்று வாய் திறந்து ப-வில் மூன்று மூச்சு. ச-விலிருந்து ப-வுக்கு ஒரே தாவாகப் போகாமல், மெதுவாக வழுக்கிக்கொண்டு ஏறுங்கள். வழியில் கரடான இடங்களும் இனிமையான இடங்களும் மாறி மாறி வரும், ப-வை நெருங்கும்போது மீண்டும் விம்மல் கேட்கும், அது நின்றதும் நில்லுங்கள். அங்கே நிற்கும்போது உடம்பில் எங்கே அதிர்கிறது என்று கவனியுங்கள். பொதுவாகத் தாழ்ந்த ச மார்பிலும், ப தொண்டையிலும் முகத்திலும் தெரியும். உங்களுக்கு வேறு இடத்தில் தெரிந்தால் அதுவும் சரியே.

இதோடு ஒரு வாரம், இரண்டு வாரம் இருங்கள். அவசரமில்லை.

படி 5: ச-ம

விகிதம் 4:3. 240-க்கு 320. சுத்த மத்யமம். ப-விலிருந்து மேல் ச-வுக்கு உள்ள தூரமும் இதே 4:3-தான், ஆகவே இது ச-ப-வைத் தலைகீழாக்கியது. ஆனால் உணர்வு வேறு. ச-ப-வில் கீழ்ச் சுரம் வீடு மாதிரி. ச-ம-வில் மேல் சுரம் வீடாகிவிடுகிறது, ச-விலிருந்து அங்கே போய்விட வேண்டும் என்று காது விரும்பும். கணக்கும் அதையே சொல்கிறது. 320-லிருந்து 240-ஐக் கழித்தால் 80. அது ம-வுக்கு இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ம. அடித்தளம் ம-வின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இந்தச் சாய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். தேங்கிப்போன மனநிலையில், எதையும் தொடங்கப் பிடிக்காத காலையில், ச-ப-வைவிட ச-ம அதிகம் உதவுகிறது என்பது என் அனுபவம். தம்புரா செயலியில் பஞ்சமத்துக்குப் பதிலாக மத்யமத்தை வைக்கும் வசதி இருக்கும், அப்படி மாற்றிக்கொண்டு பாடுங்கள்.

படி 6: காந்தாரங்கள்

காந்தாரம் என்பது க. இங்கேதான் நிறம் வருகிறது. அந்தர காந்தாரம் 5:4, 240-க்கு 300. சாதாரண காந்தாரம் 6:5, 240-க்கு 288. முன்னது வெளிச்சமாகவும் பின்னது இருண்டும் நெகிழ்ந்தும் கேட்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மேற்கத்திய இசையில் மேஜர், மைனர் என்று பிரிவது இந்த இடத்தில்தான்.

அந்தர காந்தாரத்தைக் கற்கச் சிறந்த ஆசிரியர் தம்புராதான். நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவின் மந்தர ச தந்தியை மீட்டிவிட்டு, ஒலி அடங்கும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள். யாரும் வாசிக்காத காந்தாரம் ஒன்று உள்ளிருந்து எழும். அது அந்தத் தந்தியின் ஐந்தாவது சீரிசை, அதாவது அதன் அதிர்வெண்ணைப்போல் ஐந்து மடங்கில் ஒலிக்கும் மேற்சுரம். பாலத்தின் மேல் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூல்தான் இந்த மேற்சுரங்களைப் பூக்க வைக்கிறது. சி.வி. ராமன் 1921-லேயே தம்புரா, வீணை இரண்டின் பாலங்களை ஆராய்ந்து இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் காந்தாரத்தைக் கேட்டு, அதன் மேல் உங்கள் குரலை வையுங்கள்.

கீபோர்டை வைத்துப் பழகுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கீபோர்டில் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியிருப்பார்கள். அதனால் அதன் ப கிட்டத்தட்டச் சரியாக இருக்கும், 240-க்கு 359.6 வரும், விம்மல் நொடிக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் காந்தாரம் 302.4-ல் நிற்கும். 300-க்கும் 302.4-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். மேற்சுரங்களில் அது 1200-க்கும் 1209.5-க்கும் உள்ள மோதலாகி, நொடிக்கு ஒன்பதுக்கு மேல் விம்முகிறது. பாட்டில் அது தெரியாது. ஒரே இடைவெளியை ஐந்து நிமிடம் கேட்கும் அமர்வில் அது உறுத்தும். ஆகவே காந்தாரத்துக்குக் கீபோர்டு வேண்டாம், தம்புராவும் குரலும் போதும்.

சாதாரண காந்தாரத்தைச் சோகம் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். அழ வேண்டும் போல இருந்தும் அழ முடியாதவர்கள் அதில் நிம்மதி அடைவதுண்டு. சந்தோஷமான இடைவெளியைக் கேட்டால்தான் குணமாகும் என்பது தவறான எண்ணம். மனம் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கிவிட்டு, அப்புறம் நகர்வதே நல்லது.

படி 7: கூசும் இடைவெளிகள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். சுத்த ரிஷபம் 16:15, காகலி நிஷாதம் 15:8, பிரதி மத்யமம் 45:32. 240-க்கு முறையே 256, 450, 337.5. இவற்றை ச-வோடு சேர்த்துப் பிடித்தால் பல்லில் கூசுவதுபோல ஒரு கரகரப்பு. 1965-ல் இரண்டு டச்சு ஆராய்ச்சியாளர்கள் காட்டியபடி, இரண்டு அதிர்வெண்கள் மிக நெருக்கமாக வரும்போது உட்செவியில் அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க முடிவதில்லை. அந்தப் பிரிக்க முடியாமைதான் கரடாக உணரப்படுகிறது.

சிகிச்சை நோக்கில் இவற்றின் பயன் இறுக்கத்தைக் கட்டி, பிறகு அவிழ்ப்பதில் இருக்கிறது. சுத்த ரிஷபத்தில் ஒரு முழு மூச்சு நில்லுங்கள். தோளோ தாடையோ இறுகுவது தெரியும். அடுத்த மூச்சில் ச-வுக்கு வழுக்கி இறங்குங்கள். இறுகிய இடம் தளர்வதைக் கவனியுங்கள். காகலி நிஷாதத்திலிருந்து மேல் ச-வுக்கும், பிரதி மத்யமத்திலிருந்து ப-வுக்கும் இதே மாதிரி செய்யலாம். இறுக்கத்தை முதலில் தெரிந்துகொண்டால்தான் தளர்வு எது என்று உடம்புக்குத் தெரியும். வெறும் இனிமையான ஒலிகளை மட்டும் அடுக்கிய அமர்வுகள் எனக்குச் சப்பென்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு அமர்வில் இதை இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்ய வேண்டாம். பதற்றம் அதிகமாக இருக்கும் நாளில் இந்தப் படியை விட்டுவிடலாம்.

இருபது நிமிட அமர்வு

எல்லாம் ஓரளவு பழகிய பிறகு, ஒரு அமர்வை இப்படிக் கோத்துப் பாருங்கள். முதல் மூன்று நிமிடம் தம்புராவை மட்டும் கேட்பது. அடுத்த மூன்று நிமிடம் ச-வில் முனகல். பிறகு ஐந்து நிமிடம் ச-ப, வழுக்கி ஏறி, வழுக்கி இறங்கி. அதன் பின் அன்றைய மனநிலைக்கு ஏற்ற ஓர் இடைவெளி, ம-வோ ஏதாவது ஒரு காந்தாரமோ, நாலு நிமிடம். விருப்பமிருந்தால் இரண்டு முறை ரிஷபத்தில் இறுக்கி ச-வில் அவிழ்ப்பது. மீண்டும் ச-ப-வுக்கு வந்து இரண்டு நிமிடம். கடைசியில் தம்புராவை நிறுத்திவிட்டு மீதி நேரம் சும்மா இருப்பது. இந்தச் சும்மா இருக்கும் நேரத்தை வெட்டாதீர்கள். ஒலி நின்ற பிறகுதான் பலருக்கு மூச்சு இறங்கியிருப்பதே தெரிகிறது.

சத்தம் குறைவாக இருக்கட்டும். நீங்கள் பாடும்போது தம்புராவும் உங்களுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அளவு. ஹெட்போன் போடுவதென்றால், 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதை உலக சுகாதார நிறுவனம் எல்லையாக வைத்திருக்கிறது, சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும் என்பதை நினைவில் வையுங்கள்.

இசைக்கவையும் கிண்ணமும்

இசைக்கவையை 1711-ல் கண்டுபிடித்தவர் ஜான் ஷோர் என்ற ஆங்கிலேய எக்காளக் கலைஞர். மருத்துவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் சோதிப்பதற்கு: 512 ஹெர்ட்ஸ் கவை செவித்திறனைப் பார்க்க, 128 ஹெர்ட்ஸ் கவை நரம்புகளில் அதிர்வு உணர்வு இருக்கிறதா என்று பார்க்க. சிகிச்சைக் கவைகளில் இரண்டு வகை. நுனியில் எடை பொருத்தியது உடம்பில் வைக்க, எடை இல்லாதது காதருகே கேட்க. தொடங்குகிறவருக்கு எடை இல்லாத 256, 384 ஜோடி போதும்.

தண்டை மட்டும் பிடியுங்கள், கிளைகளைத் தொடக் கூடாது. ரப்பர் கட்டையிலோ முழங்காலுக்குச் சற்று மேலே தொடையிலோ மென்மையாகத் தட்டுங்கள். மேசை விளிம்பிலும் இரும்பிலும் தட்டினால் சுருதி கெடும். இரண்டையும் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒலி மறையும் வரை கேளுங்கள். பிறகு மாற்றிப் பிடித்து இன்னொரு முறை. கவையைத் தண்டை அச்சாக வைத்து மெதுவாகச் சுழற்றினால் ஒரு சுற்றில் நாலு இடத்தில் ஒலி மறைந்து வரும், இரண்டு கிளைகளின் அலைகளும் அந்தத் திசைகளில் ஒன்றையொன்று அழித்துவிடுவதால். அழகான சோதனை, செய்து பாருங்கள்.

பாடும் கிண்ணங்களை இடைவெளிப் பயிற்சிக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. தந்தியில் மேற்சுரங்கள் 2, 3, 4 மடங்கு என்று ஒழுங்காக வரும். உலோகக் கிண்ணத்தில் இரண்டாவது ஒலி முதலாவதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மூன்று மடங்குக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும், கிண்ணத்துக்குக் கிண்ணம் மாறும். ஆகவே இரண்டு கிண்ணங்களை 3:2 என்று விற்றாலும் ச-ப-வின் வழவழப்பு முழுதாகக் கிடைக்காது. அதில் கேட்கும் அந்த மெதுவான அலைவு, சுவரின் கனம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாததால் வரும் விம்மல். படுத்துக்கொண்டு கேட்க மிக இதமானது. சுருதி பழக உகந்ததல்ல.

528, 432 பற்றி

கேட்காமல் இருக்க மாட்டீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். சோல்ஃபெஜியோ அதிர்வெண்கள் என்று 396, 417, 528, 639, 741, 852 என்று ஒரு வரிசை சுற்றுகிறது. பழங்காலத் துறவிகளின் ரகசியம் என்பார்கள். ஹெர்ட்ஸ் என்ற அலகே 20-ஆம் நூற்றாண்டில் வழக்கத்துக்கு வந்தது. இடைக்காலத் துறவிகள் சுரங்களுக்கு இடையிலான தூரத்தைத்தான் எழுதி வைத்தார்கள், நொடிக்கு எத்தனை அதிர்வு என்று அளக்க அவர்களிடம் வழியில்லை. ஆனால் அந்த வரிசையில் 396-ஐயும் 528-ஐயும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள், நன்றாக இருக்கும். வகுத்தால் 4:3. 639-ம் 852-ம் அப்படியே 4:3. நீங்கள் ஐந்தாம் படியில் பாடிய அதே ச-ம. காதுக்கு இதமளித்தது அந்த உறவு.

குணமாக்கும் எண் என்று சொல்லப்படும் 432-ம் அப்படித்தான். உங்கள் ச 216 என்றால் 432 மேல் ச. ச 288 என்றால் அதுவே பஞ்சமம். ச 324 என்றால் மத்யமம். ச 240 என்றால் கைசிகி நிஷாதம், அடுத்து எங்கோ போக வேண்டும் என்று தவிக்கும் சுரம். ஒரே 432 வீடாகவும் இருக்கிறது, தவிப்பாகவும் இருக்கிறது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. வாத்தியங்களைச் சுருதி சேர்க்கப் பொதுவாக வைக்கும் 440 என்பதும் புனிதமோ சதியோ இல்லை, 1939-ல் லண்டனில் கூடிய மாநாடு ஒன்றில் எல்லா வாத்தியங்களும் ஒத்துப்போக ஒப்புக்கொண்ட எண். உங்கள் தொண்டைக்கு எது வசதியோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பின் 2013 தொகுப்பாய்வு ஒன்று, அறுவை சிகிச்சைக்கு முன் இசை கேட்ட நோயாளிகள் பற்றிய 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இசை அவர்களின் பதற்றத்தைக் குறைக்கலாம் என்று முடிவு சொன்னது. 2017-ல் பாடும் கிண்ணங்களோடு தியானம் செய்த 62 பேரிடம் இறுக்கமும் கோபமும் சோர்வும் குறைந்ததைக் கண்டார்கள். ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, ஆகவே கிண்ணத்தால் குறைந்ததா, அமைதியாகப் படுத்திருந்ததால் குறைந்ததா என்று பிரிக்க முடியாது. பதற்றம் தணியும், மூச்சு இறங்கும், தூங்கப் போகுமுன் மனம் அடங்கும்: இவ்வளவை நியாயமாக எதிர்பார்க்கலாம். ச-ப இந்த உறுப்புக்கு, ச-க அந்த உறுப்புக்கு என்று பிரித்துத் தரும் அட்டவணைகளுக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. அப்படிச் சொல்லிக் கட்டணம் கேட்பவரிடம், அதுவும் மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடம், போகவே வேண்டாம்.

எல்லோருக்கும் ஒரே இடைவெளி ஒரே உணர்வைத் தரும் என்பதும் சரியில்லை. பொலிவியாவின் அமேசான் காட்டில் வாழும் சிமானே மக்களிடம் 2016-ல் நடந்த ஆய்வில், நமக்கு இனிமையான கூட்டுச் சுரங்களையும் முரணானவற்றையும் அவர்கள் ஒரே அளவு பிடித்ததாகவே சொன்னார்கள். ஒலியின் கரகரப்பு மட்டும் அவர்களுக்கும் பிடிக்கவில்லை. ஆக, காதின் அமைப்பு கொஞ்சம், பழகி வந்த இசை கொஞ்சம்.

வலிப்பு நோய் உள்ளவர்கள், காதில் இரைச்சலோ ஒலி தாங்காமையோ உள்ளவர்கள், பேஸ்மேக்கர் போன்ற கருவி உடம்பில் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் கவையையோ கிண்ணத்தையோ உடம்பில் வைக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். எலும்பு முறிந்த இடம், புண், வீக்கம் இவற்றின் மேல் வைக்கக் கூடாது. பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களுக்குச் சில ஒலிகள் பழையதைக் கிளறிவிடக்கூடும். அப்படி நடந்தால் உடனே ஒலியை நிறுத்தி, கண்ணைத் திறந்து, எழுந்து நாலடி நடப்பது நல்லது.

இன்னொருவருக்குச் செய்யும்போது

முதலில் அவருடைய ச-வைக் கண்டுபிடியுங்கள், உங்களுடையதை அவர் மேல் திணிக்காதீர்கள். அவரை 'ம்' என்று முனகச் சொல்லி, தம்புராவை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். எந்த நேரமும் கையை உயர்த்தினால் நிறுத்திவிடுவேன் என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ச-ப-வில் தொடங்கி ச-ப-வில் முடியுங்கள், நடுவில் ஓர் இடைவெளி மட்டும். அவரும் சேர்ந்து முனக விரும்பினால் அதுதான் சிறந்தது. வெறுமனே கேட்பதைவிடக் கூடப் பாடும்போது மூச்சும் சேர்ந்து மாறுகிறது.

முடிந்ததும் 'நன்றாக இருந்ததா?' என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். எங்கே அதிர்ந்தது, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் போல் இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை விளக்க முயலாமல் அப்படியே ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, எந்தக் கட்டை, எந்த இடைவெளி, எவ்வளவு நேரம், அவர் சொன்ன வார்த்தைகள். உங்கள் சொந்தப் பயிற்சிக்கும் இப்படி ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் புரட்டிப் பார்த்தால், எந்த இடைவெளியை நீங்கள் தொடாமலே விட்டிருக்கிறீர்கள் என்று தெரியும். அடுத்த மாதத்தை அதில் தொடங்குங்கள்.